'போட்டு வாறன்' சொன்ன பேயும் 'வந்தேன்' சொன்ன பேயும்

'மூண்டாம் மாடி' படத்தின் இரண்டாம் பாகம் ஏன் முதல் பாகத்தைப் போல வரவில்லை என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்க நின்றால் கேட்கிறார்கள். கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். கதை சரியில்லை, நடிப்புச் சரியில்லை, புகை மெஷின் கூடிப்போய்விட்டது என்று காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். உண்மையான காரணம் ஒரு சொல்லின் கடைசித் துண்டு. அதை வெட்டி ஒட்டியவன் நான்.

சவுண்ட் வேலைக்கு வரும் இளம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் வானொலியில் ஒலிப்பதிவு செய்து ஓய்வுபெற்றவன் நான். பிறகு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த ஒரு தொடர்மாடி பிளட்டின் பின் அறையில் சின்ன ஸ்டூடியோ போட்டேன். சுவரெல்லாம் பழைய மெத்தைகள். கதவுக்குப் பின்னால் ரயில் நேர அட்டவணை. கடற்கரைப் பக்கத்தால் ரயில் போகும்போது எந்த மைக்கும் எதற்கும் உதவாது. அதனால் இரண்டு ரயில்களுக்கு இடையில் கிடைக்கும் நேரத்தில்தான் என் வேலை.

1. இருபத்தி மூன்றாம் நம்பர்

முதல் பாகத்தை எடுத்தவன் நிரோஷன் என்ற இளைஞன். இரவல் கமெரா, ஒரே ஒரு பிளட், நான்கு நடிகர்கள். பேய்க்கு மேக்கப் போட வசதியில்லை. ஆகவே பேயைக் காட்டாமலே படம் எடுப்பது என்று முடிவு செய்தான். கதை இவ்வளவுதான்: மூன்றாம் மாடியில் ஒரு குடும்பம். ஒவ்வொரு நாளும் மாலையில் மணி அடிக்கும். கதவுக்கு வெளியே ஒரு பெண்ணின் குரல் மரியாதையாகக் கேட்கும்: "உள்ளுக்கு வரலாமோ?" வீட்டுக்காரர் வரச் சொல்லாமல் அவள் வரமாட்டாள். நல்ல பழக்கவழக்கம் உள்ள பேய்.

எல்லாம் அந்தக் குரலில் இருந்தது. குரல்தான் கிடைக்கவில்லை. வந்த பெண்கள் எல்லாரும் பேய் மாதிரிக் கதைத்தார்கள். மூச்சை இழுத்தார்கள், சிரித்தார்கள், ஊளையிட்டார்கள். நிரோஷன் என் கதிரையில் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"குணம் அண்ணை, படம் முடிஞ்சுது. குரல் இல்லாட்டி கதவை மட்டும் பாத்துக்கொண்டு இருக்க சனத்துக்கு என்ன விசரே?"

அந்தக் கிழமை எனக்குச் சரியான இருமல். கொட்டாஞ்சேனையில் ஒரு சனலிங் சென்டருக்குப் போனேன். டொக்டரைப் பார்க்க நம்பர் எடுத்துக்கொண்டு காத்திருக்கும் இடம். நாற்பது பேர் இருந்தோம். குழந்தைகள் அழுதன, போன்கள் அடித்தன. கவுண்டரில் இருந்த பெண் மைக் இல்லாமல், சத்தம் போடாமல், "இருபத்தி மூண்டு, உள்ளுக்கு வாங்கோ" என்றார். அறை அப்படியே அடங்கியது. இருபத்தி மூன்றாம் நம்பர்க்காரர் எழும்பினார். அவருக்குப் பக்கத்தில் இருந்த இருபத்தி நாலும் தன்னை அறியாமல் எழும்பிவிட்டு மறுபடி இருந்தார். எனக்குப் புறங்கழுத்து குளிர்ந்தது. இருமலுக்கு வந்ததை மறந்துவிட்டேன்.

அவர் பெயர் ரீற்றா. ஐம்பது வயதிருக்கும். படம் என்றதும் சிரித்தார். "என்னண்டு அண்ணை? எனக்கு நம்பர் கூப்பிட மட்டும்தான் தெரியும்." அது போதும் என்றேன்.

2. சிவப்பு விளக்கு

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் அறைக்குள் வந்ததும் ரெக்கோர்ட் பொத்தானை அழுத்துவேன். ஆள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகும்வரை நிப்பாட்டமாட்டேன். வானொலியில் எனக்கு முதல் இருந்தவர் பழக்கியது. டேக்குக்கு முன்னும் பின்னும் மனிதர்கள் கதைப்பதுதான் உண்மையான குரல் என்று அவர் சொல்வார். அறையின் வெறுஞ்சத்தமும், நாங்கள் ரூம் டோன் என்று சொல்வது, அதில் சேர்ந்து கிடைக்கும்.

ரீற்றா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். மைக்குக்கு முன்னால் இருந்ததும் முதலில் கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து நீட்டினார்.

"இருமல் இன்னும் மாறேல்லைப் போல. இந்தாங்கோ, தேன். காலமையில ஒரு கரண்டி குடியுங்கோ."

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. வாங்கி மேசையில் வைத்தேன். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

வசனங்களை அவர் நம்பர் கூப்பிடுவது போலவே சொன்னார். "உள்ளுக்கு வரலாமோ?" "நான் முந்தியும் வந்தனான்." "திரும்பிப் பாக்காதேங்கோ." நிரோஷன் சந்தோஷத்தில் என் முதுகில் அடித்தான். கடைசிக் காட்சியில்தான் சிக்கல் வந்தது. வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா, தயவுசெய்து போங்கோ" என்பார். அப்போது பேய் அலற வேண்டும் என்று எழுதியிருந்தது. ரீற்றாவுக்கு அலற வரவில்லை. ஐந்து டேக். ஐந்தும் சனலிங் சென்டரில் எலியைக் கண்டது போல இருந்தன.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. நிரோஷன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சரி அக்கா, காணும்" என்றான். ரயில் போய் முடிந்தது. ரீற்றா பையைத் தோளில் போட்டார், கதவடிக்குப் போனார், திரும்பினார். அலற முடியவில்லையே என்ற வெட்கத்தில் குரல் தாழ்ந்திருந்தது.

"சரி, அப்ப போட்டு வாறன்."

கதவு சாத்திய சத்தம். நான் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் அப்படியே இருந்தேன்.

எங்கள் வீடுகளில் யாரும் 'போறன்' என்று சொல்லிவிட்டு வெளிக்கிடுவதில்லை. சந்தைக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும் போட்டு வாறன்தான், போய்விட்டுத் திரும்பி வருகிறேன் என்று. வாய்தவறிப் 'போறன்' என்றால் வீட்டில் பேச்சு விழும். அதை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்கிறோம், காதில் ஏறுவதில்லை. ஆனால் போகச் சொன்ன பேய் அதே மரியாதையோடு 'போட்டு வாறன்' என்றால்?

படியிறங்கிக்கொண்டிருந்த ரீற்றாவை ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். ஹெட்ஃபோனை அவர் காதில் வைத்துப் போட்டுக் காட்டினேன்.

"ஐயோ அண்ணை, இது நான் சும்மா சொன்னது!"

"படத்தில போடலாமோ?"

அவர் இன்னொரு தரம் கேட்டார். தன் கையில் மயிர் கூச்செறிந்திருந்ததைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "போடுங்கோ" என்றார்.

அந்தச் சொல்லோடு திரை இருண்டு படம் முடிந்தது. முதல் காட்சியில் சனம் கைதட்டவில்லை. எழும்பவும் இல்லை. வெளியே வந்த பிறகு ஒருவருக்கொருவர் விடைபெறப் பயந்து நின்றார்கள், அதைவிட எனக்கு வேறு விருது வேண்டியதில்லை. பிறகு படம் போன்களில் பரவியது. கொட்டாஞ்சேனையில் மருந்து வாங்கிப் போகும் பிள்ளைகள் கவுண்டரில் நின்று, "அன்ரி, போட்டு வாறன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு ஓடுவார்களாம். ரீற்றா இதை எனக்குப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இருபத்தி நாலு வருடம் அந்தக் கவுண்டரில் இருந்திருக்கிறார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்து யாரும் கதைத்தது அந்தப் படத்துக்குப் பிறகுதான்.

3. முதலாளியின் தமிழ்

'போட்டு வாறன்' என்று சொன்னால் வரத்தானே வேண்டும். எப்ப வருவா, எப்ப வருவா என்று எல்லாரும் கேட்டார்கள். நிரோஷன் அதற்குள் வெளிநாடு போய்விட்டான். புறக்கோட்டையில் குளியலறைச் சாமான் விற்கும் முதலாளி ஒருவர் இரண்டாம் பாகத்தைத் தானே எடுப்பதாக வந்தார். டைரக்ஷனும் அவரே.

"அதில என்ன இருக்கு குணம் அண்ணை? அக்ஷன் எண்டு சொல்லுறது, பிறகு கட் எண்டு சொல்லுறது."

முதல் பாகத்தில் பேய் ஒரு தரமும் தெரியாது. இதில் முதல் இருபது நிமிடத்துக்குள் ஏழு தரம் வந்தது. வெள்ளைச் சேலை, கண்ணுக்கு லென்ஸ், இடுப்புவரை தலைமயிர். மணி அடிக்கவில்லை, அனுமதி கேட்கவில்லை, சுவரை உடைத்துக்கொண்டு வந்தது. படத்தின் பெயரைக்கூட 'மூன்றாம் மாடி 2' என்று திருத்தினார். 'மூண்டாம்' என்றால் இந்தியாவில் விளங்காதாம்.

பேய்க்கு ஒரே ஒரு வசனம்: "திரும்பி வந்துட்டேன்."

ரீற்றா அரைநாள் லீவில் மறுபடி வந்தார். இந்த முறை புதுச் சேலை. சென்டரில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு வந்திருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார், சொல்லிப் பார்த்தார். எங்கேயோ தொலைக்காட்சியில் கேட்டதைத் திருப்பிச் சொல்வது போலத்தான் வந்தது. நாலைந்து தரம் முயன்றுவிட்டு முதலாளியைப் பார்த்தார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. இது வெள்ளவத்தைப் பேய்தானே? செத்தாப் பிறகு ஏன் இந்தியத் தமிழ் கதைக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை. "நாங்கள் கூப்பிடுறம் அக்கா" என்றார். சிரிக்கத் தெரிந்த எனக்கு, அந்த இடத்தில் ஒரு வார்த்தை கதைக்கத் தெரியவில்லை.

பிறகு விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கும் ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். வடிவான குரல். தன் கடைப் பெடியன்களுக்குப் போட்டுக் காட்டினார் முதலாளி. "இது அந்தப் பேய் இல்லை முதலாளி" என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் காலை என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணை, அந்த மனிசியின்ர பழைய ரெக்கோர்டிங் எல்லாம் உங்களிட்டக் கிடக்குதானே? அதில இருந்து வெட்டி ஒட்டேலாதோ?"

"கேட்டுப்போட்டுச் செய்வம்."

"அவ மாட்டன் எண்டுவா. உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ, கொம்பியூட்டர் வேலை தெரிஞ்ச சின்னப் பெடியன் ஒருத்தனிட்டக் குடுக்கிறன்."

இந்த இடத்தை மட்டும் ஒளிக்காமல் எழுத வேண்டும். காசுக்காகச் செய்தேன் என்றால் கொஞ்சமாவது மன்னிக்கலாம். ஏலாது என்று சொல்லிவிட்டாரே என்ற கோபத்தில் செய்தேன். எனக்கு ஏலும் என்று காட்டுவதற்காகவே செய்தேன். அந்த வயதில் அவ்வளவு சின்னப்புத்தி எனக்கு.

4. ஒரு 'ஏன்' தேடியது

இரண்டு நாள் ஹெட்ஃபோனோடு இருந்தேன். 'திரும்பி' இருந்தது. 'வந்தனான்' என்பதில் 'வந்த்' இருந்தது. 'ட்டேன்' இல்லவே இல்லை. சரி, வந்துட்டேன் வேண்டாம், 'வந்தேன்' போதும் என்று முதலாளியைச் சம்மதிக்க வைத்தேன். அதற்கும் முடிவில் ஒரு 'ஏன்' சத்தம் வேண்டும். ரீற்றாவின் டேக்குகளையும் இடையில் கதைத்ததையும் அலசினேன். வந்தன், கேட்டன், சொன்னன், வாறன். நாங்கள் எழுதும்போது மட்டும்தான் அந்த 'ஏன்' போடுகிறோம், வாயால் யாரும் சொல்வதில்லை. முப்பத்தொரு வருடம் இந்தத் தமிழைப் பதிவு செய்தவனுக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது.

'ஏன் அண்ணை?' என்று இரண்டு இடத்தில் கேட்டிருந்தார். அந்த ஏனை வெட்டி ஒட்டினேன். குரல் மேலே ஏறி நின்றது. 'திரும்பி வந்து, ஏன்?' என்று பேயே எங்களிடம் காரணம் கேட்பது போல இருந்தது.

அப்போதுதான் முதல் பாகத்தின் முதல் ரெக்கோர்டிங்கை, டேக் தொடங்குமுன் ஓடிய பகுதியைத் திறந்தேன். பையின் ஸிப் சத்தம். பிறகு, "இந்தாங்கோ, தேன்."

தாழ்ந்து இறங்கும் குரல். எனக்கு வேண்டிய அதே முடிவு. முன்னால் இருந்த 'த்' சத்தத்தைச் சீவி எறிந்துவிட்டு மிச்சத்தை 'வந்த்' உடன் ஒட்டினேன். தையல் தெரியவில்லை. கதிரையில் சாய்ந்து எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தட்டினேன். மேசை லாச்சியை இழுத்தால், தேன் முடிந்த அந்தப் போத்தல் கிடந்தது. ஆணிகள் போட்டு வைத்திருந்தேன்.

அந்த மாதத்தில் ரீற்றா இரண்டு தரம் போன் எடுத்தார். "அண்ணை, என்னை எப்ப கூப்பிடுவியள்? லீவு சொல்ல வேணும்." இரண்டு தரமும் "கூப்பிடுறன்" என்றேன்.

5. ஞாயிற்றுக்கிழமைக் காட்சி

முதல் காட்சி ஞாயிறு காலை பத்தரைக்கு. ரீற்றாவை நான் அங்கே எதிர்பார்க்கவில்லை. போஸ்டரில் அவர் பெயரை முதலாளி பெரிதாகப் போட்டிருந்தார், முதல் படத்தின் குரல் என்றால் ஆட்கள் வருவார்கள் என்று. அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பழைய குரலையே இந்தப் படத்திலும் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார். சென்டரில் இருந்து மூன்று நர்ஸ் பிள்ளைகள், வத்தளையில் இருந்து தங்கச்சி குடும்பம். எல்லாரும் ஒரே வரிசையில். என்னைக் கண்டதும் தூரத்தில் இருந்தே கையைக் காட்டினார். நான் பின் வரிசையில் போய் இருந்தேன்.

'குரல்: ரீற்றா' என்று திரையில் வந்ததும் அந்த வரிசை கைதட்டியது.

இருபதாவது நிமிடம். சுவர் உடைந்தது, புகை வந்தது, லென்ஸ் போட்ட கண் முழித்துப் பார்த்தது. வாயைத் திறந்தது.

"திரும்பி வந்தேன்."

ஸ்டூடியோவில் சின்ன ஸ்பீக்கரில் எனக்குக் கேட்காதது அந்தப் பெரிய தியேட்டரில் கேட்டது. வசனத்தின் முதல் பாதியில் பயம் இருந்தது. கடைசித் துண்டில் அன்பு இருந்தது. இருமல்காரனுக்கு மருந்து நீட்டும் ஒரு மனிசியின் அன்பு. இந்தாங்கோ, குடியுங்கோ என்பது போலப் பேய் குழைந்தது. பிறகு யாரோ பின்னால் இருந்து, "எந்த பஸ்ஸில வந்தனீங்கள்?" என்றான். கூரை இடிந்து விழும் சிரிப்பு. அதன்பின் பேய் வந்த இடமெல்லாம் சிரிப்பு. நர்ஸ் பிள்ளைகளும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார்கள், பிறகு ரீற்றாவைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். தங்கச்சியின் மகள், "பெரியம்மா, ஏன் இப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டது எனக்கே கேட்டது.

படம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் தனியாக நின்றார். எனக்காகத்தான் நின்றார்.

"அண்ணை, அதை நான் சொல்லேல்லைத்தானே?"

"இல்லை."

"வரிசையில எல்லாரும் என்னைப் பாக்கினம். நான் சொல்லேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது? குரல் என்ர குரல்." கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "அந்தக் கடைசிச் சத்தம்... அது தேன்தானே? உங்கட இருமலுக்குக் கொண்டு வந்து தந்தது."

தலையை ஆட்டினேன்.

"அப்பவும் மைக் போட்டுத்தான் இருந்ததோ?"

"நான் நிப்பாட்டுறதில்லை, ரீற்றா."

"முதல் முறை கூப்பிட்டுக் கேட்டனீங்கள். படியால இறங்கினவளை ஓடி வந்து கூட்டிக்கொண்டு போய்க் கேட்டனீங்கள்." கோபத்தில் சொல்லவில்லை. கவுண்டரில் நம்பர் சொல்லும் அதே குரல். "இந்த முறையும் கேட்டிருந்தால் நான் ஓம் எண்டுகூடச் சொல்லியிருப்பன்."

தங்கச்சி குடும்பம் வீதியில் நின்று கூப்பிட்டது. ரீற்றா குடையை விரித்தார்.

"சரி அண்ணை. போறன்."

பழக்கத்தில் என் வாய், "போட்டு வாங்கோ" என்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

6. இளம் ஆட்களுக்கு

இரண்டாம் பாகம் மூன்று நாளில் தூக்கப்பட்டது. முதலாளி பாவம், சனத்துக்கு ரசனை இல்லை என்று இன்னும் சொல்லித் திரிகிறார். இந்தியாவிலும் யாரும் வாங்கவில்லை. தமிழ் விளங்காததால் அல்ல.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். எந்தச் சத்தத்தையும் வெட்டலாம், ஒட்டலாம். அதைச் சொன்னவர் என்ன நினைத்துச் சொன்னாரோ அது வெட்டுப்படாது, ஒட்டிய இடத்தில் வந்து நிற்கும். மற்றவரின் குரலைத் தொடுமுன் அவரைக் கேளுங்கள். போன் பக்கத்திலேயே கிடக்கும். எனக்கும் கிடந்தது.

இப்போது டேக் முடிந்ததும் சிவப்பு விளக்கை அணைத்துவிடுகிறேன். எத்தனையோ நல்ல சத்தங்கள் பதிவாகாமல் போகின்றன. போகட்டும்.

இருமல் மட்டும் விடவில்லை. மழைக்காலத்தில் கட்டாயம் வரும். கொட்டாஞ்சேனைக்கு நான் போவதில்லை. நுகேகொடையில் ஒரு சனலிங் சென்டர் பிடித்திருக்கிறேன். அங்கே யாரும் நம்பர் கூப்பிடுவதில்லை, ஸ்கிரீனில் காட்டுகிறார்கள்.